காண்ட்ராக்ட் வேலையும் நாளைக்கு என்ன என்ற பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தேன். ஒன்பது வருஷமும் அதே ஷெட், அதே பிரஸ், அதே ஸ்டூல். காண்ட்ராக்டர் மட்டும் நான்கு பேர் மாறினார்கள். இப்போது திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிஎஃப், ஈஎஸ்ஐ வேலைகளையும் ஆன்லைனில் செய்து கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு பார்க்கிற அக்காமார், மில் தொழிலாளர்கள், வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐடி பார்க் பிள்ளைகள், கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஃபாரம் நிரப்பி முடிந்ததும் கிளம்ப மாட்டார்கள். கொஞ்சம் நின்று, "அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரினியூவல் மாதம் வந்தாலே தூக்கம் வருவதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. பலருக்கும் காண்ட்ராக்ட் மார்ச் 31-இல் முடியும், அதனால் மார்ச் மாதம் என் கடைக்கு வருகிறவர்களின் முகமே வேறு மாதிரி இருக்கும். வயிறு சரியில்லை என்பார்கள், தலைவலி என்பார்கள், பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்பார்கள். நானே ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கேஸ் சிலிண்டர் எப்போது மாற்றினோம், அடுத்தது எத்தனை நாளில் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

இதை மனத் தைரியம் இல்லாததன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரீன்ஹால், ரோசன்பிளாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-இல் இதைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. அதைத் தடுக்க நம் கையில் ஒன்றுமில்லை என்ற நினைப்பு மீதிப் பாதி. இரண்டும் சேரும்போதுதான் ஆளைத் தின்கிறது. முதல் பாதியை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது, அது ஆர்டரையும் டெண்டரையும் பொறுத்தது. இரண்டாவது பாதியில் கொஞ்சம் கை வைக்கலாம். கீழே நான் சொல்கிற காகிதம், பணம், ஆள் துணை எல்லாமே அந்தக் கொஞ்சத்துக்காகத்தான்.

"பயம் இருந்தால்தான் ஆள் ஒழுங்காக வேலை பார்ப்பான்" என்கிறார்களே, சரிதானா?

எங்கள் மேனேஜர் ஒருவர் இதை மீட்டிங்கிலேயே சொல்வார். கணக்கை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றுகூடத் தோன்றும். ஒரு ஷிப்டுக்கு 900 வாஷர் முடிக்கிற ஆள் மார்ச்சில் 1,100 முடிப்பான். டீ டைமுக்கு யாரும் எழ மாட்டோம். ஆனால் ஏப்ரலில் திரும்பி வருகிற பெட்டிகளை யாரும் மார்ச் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் கையில் நடந்ததைச் சொல்கிறேன். மோல்டிலிருந்து ரப்பர் வெளியே வரும்போது ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கும். பிளேடால் அதைச் சுற்றி எடுக்க வேண்டும். இடது கட்டைவிரல் வாஷரைத் திருப்பிக்கொண்டே இருக்கும், வலது கையில் பிளேடு அசையாமல் நிற்கும். நிதானமாகச் செய்தால் பிசிறு ஒரே நூலாகச் சுருண்டு மடியில் விழும். ஒரு மார்ச் 29-ஆம் தேதி, டைம் ஆபீஸ் பக்கமிருந்து யாரோ கையில் காகிதத்தோடு நடந்து வருவது கண்ணோரத்தில் தெரிந்தது. ஏப்ரலில் யார் யாருக்கு வேலை உண்டு என்கிற லிஸ்ட் வந்துவிட்டது என்று நினைத்தேன். கண் அங்கே போனது, பிளேடு கட்டைவிரலுக்குள் போனது. மூன்று தையல். விரலுறை போட்டிருந்தால் கீறலோடு போயிருக்கும். வேகம் குறைகிறது என்று அந்த வாரம்தான் கழற்றி வைத்திருந்தேன். அடிபட்டதை ரிஜிஸ்டரில் எழுத வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சியதும் நான்தான். எழுதினால் லிஸ்டில் பெயர் வராது என்று பயம்.

அமெரிக்காவில் தாஹிரா ப்ராப்ஸ்ட் என்ற உளவியல் பேராசிரியர் 2002-இல் இதையே சோதனையாகச் செய்து பார்த்தார். வேலையிலிருந்து நீக்குவோம் என்று மிரட்டல் இருந்தபோது ஆட்கள் அதிக எண்ணிக்கையில் செய்து முடித்தார்கள். தரம் குறைந்தது, பாதுகாப்பு விதிகளை மீறுவது கூடியது. அதற்கு முந்தைய வருஷம் உணவுப் பொருள் தொழிற்சாலைகளில் அவர் பார்த்த ஆய்விலும், வேலை நிலைக்குமா என்று கவலைப்படுகிறவர்களிடம் பாதுகாப்பில் அக்கறை குறைந்திருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த மாக்னஸ் ஸ்வெர்க்கேயும் உடனிருந்தவர்களும் 2002-இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலைத் திருப்தி, நிறுவனத்தின் மேல் நம்பிக்கை, உடல்நலம் எல்லாமே இந்தப் பயத்தால் இறங்குகின்றன என்று வந்தது. வேலை பார்க்கும் விதத்தில் அதன் பாதிப்பு, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறவர்களைவிடக் கையால் உழைக்கிறவர்களிடம் கடுமையாக இருந்தது.

நம் ஊர்ப் பக்கத்து ஆய்வும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே ஆள், யோசித்து விடை சொல்லும் தேர்வில் குறைவாக எடுத்தார். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. மண்டைக்குள் கவலை இடத்தைப் பிடித்துக்கொண்டால் வேலைக்கு மிஞ்சுகிற இடம் குறைந்துவிடுகிறது. மார்ச் மாதம் "புத்தி எங்கேப்பா வச்சிருக்க?" என்று திட்டுகிற சூப்பர்வைசர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இழுத்துப் போட்டு வேலை செய்தால் பெர்மனென்ட் ஆக்குவார்களா?

சில இடங்களில் நடக்கிறது. ஆனால் உங்கள் உழைப்பை வைத்து மட்டும் அது நடப்பதில்லை. நல்ல வேலைக்காரர்கள் நான்கைந்து பேர் என் கண் முன்னே கேட்டுக்கு வெளியே நின்றார்கள், காரணம் டெண்டர் வேறு ஆளுக்குப் போனதுதான். ஆகவே வேலையை நன்றாகச் செய்யுங்கள், அந்தக் கைப்பழக்கம் அடுத்த கம்பெனிக்கும் உங்களோடு வரும். ஆனால் சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் நிற்பதை ரினியூவலுக்குக் கட்டுகிற முன்பணமாக நினைக்காதீர்கள். தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம்.

போனால் போகட்டும், இந்த இழுபறிதான் தாங்க முடியவில்லை என்று தோன்றுகிறது. இது தப்பா?

தப்பே இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவில் பெரிய பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஆட்குறைப்பு நடந்தபோது டெக்கர், ஷௌஃபெலி என்ற இருவர் ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் எழுதினார்கள். உனக்கு வேலை இல்லை என்று திட்டமாகத் தெரிந்தவர்களுக்கு மனப்பாரம் குறைந்தது. தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் குறையவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு வருஷம் இதைக் கண்ணால் பார்த்தேன். புதிதாக வந்த ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவர் பிப்ரவரி 10-ஆம் தேதி எங்களை உட்கார வைத்தார். "இருபத்திரண்டு பேரில் ஆறு பேருக்கு ஏப்ரலில் இடம் இல்லை. யார் யார்னு நாளைக்கு ஒவ்வொருத்தரிடமும் நானே சொல்றேன்" என்றார். சொன்னபடி மறுநாள் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அழுதவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ஆறு பேரும் மார்ச் 31 வரை ஒழுங்காக வேலைக்கு வந்தார்கள். இரண்டு பேர் மார்ச் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மகளின் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டார். மீதிப் பதினாறு பேரும் ராத்திரி தூங்கினோம். அந்த மார்ச்சில் யாருக்கும் கை வெட்டவில்லை. மற்ற எட்டு வருஷமும் 31-ஆம் தேதி சாயங்காலம் டைம் ஆபீஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டுவார்கள். பெயர் இல்லாதவனுக்கு அடுத்த நாள் காலை என்ன செய்வது என்று யோசிக்க ஒரே ஒரு ராத்திரி.

ஆகவே நீங்கள் கேட்கலாம். "எனக்கு வேலை உண்டா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "முடிவு எந்தத் தேதிக்குத் தெரியும் சார்?" என்று கேளுங்கள். தேதியைச் சொல்வதில் அவருக்கும் சங்கடம் குறைவு.

பக்கத்து மிஷினில் பெர்மனென்ட் ஆள். ஒரே வேலை, இரண்டு மடங்கு சம்பளம். மனசு கசக்கிறது.

கசக்கத்தான் செய்யும். அடையாள அட்டையின் கயிற்று நிறமே வேறு, கேன்டீனில் உட்காருகிற வரிசை வேறு, தீபாவளி ஸ்வீட் பெட்டியின் அளவு வேறு. அம்மாவைப் பெற்ற தாத்தா மில்லில் இருந்தவர். மதுரையில் மில்லுச் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைத்த காலம் அது. மில்லில் சேர்ந்துவிட்டான் என்றால் ஆயுசுக்கும் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்குக் காண்ட்ராக்ட் அட்டையைக் கழுத்தில் போடவே கூச்சமாக இருந்தது.

சட்டத்தின் பக்கம் இரண்டு விஷயம். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே, நிறுவனத்தின் நேரடித் தொழிலாளி செய்கிற அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே சம்பளம் தர வேண்டும் என்று இருந்தது. 2016 அக்டோபரில், பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்கள் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் இதைக் கேட்டு வாங்க நீங்கள் செய்வது அதே வேலைதான் என்று நிரூபிக்க வேண்டும். ஷிப்ட் சீட்டு, புரொடக்ஷன் நோட்டு, உங்கள் பெயர் இருக்கிற எந்தத் தாளையும் தூக்கி எறியாதீர்கள்.

அந்தப் பெர்மனென்ட் ஆள் மேல் கோபப்பட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். எனக்குப் பிளேடு பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும், தையல் போட பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனதும் ஒரு பெர்மனென்ட் அண்ணன்தான்.

480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்கிறார்களே?

தமிழ்நாட்டில் 1981-இல் வந்த தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் அது. தொடர்ந்த 24 மாதங்களில் 480 நாள் பணி செய்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். சீசனுக்கு மட்டும் நடக்கிற வேலைக்கும் கட்டட வேலைக்கும் பொருந்தாது. உடம்பு சரியில்லாத நாள், அனுமதி பெற்ற லீவு, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்ற நாள் ஆகியவற்றால் பணித் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் "பிரேக்" கொடுத்துத் திரும்ப எடுக்கிறார்களே, அந்தத் தந்திரத்தை எதிர்த்துப் பேச இது உதவும்.

காண்ட்ராக்டர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் யாருடைய தொழிலாளி, கம்பெனியுடையவரா, காண்ட்ராக்டருடையவரா என்ற கேள்வி முதலில் வரும். 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளர்கள் தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஒப்பந்தமே வெறும் காகிதப் பூச்சு, வேலை வாங்குவதும் மேற்பார்ப்பதும் கம்பெனிதான் என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் நேரடித் தொழிலாளியாகக் கருத வழி உண்டு என்றும் சொன்னது. லீவை யார் தருகிறார், வேலையை யார் பிரித்துக் கொடுக்கிறார், திட்டுவது யார் என்பதெல்லாம் அங்கே சாட்சியாகும்.

வக்கீலுக்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, ஆலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரே போகலாம், 15100-க்கும் கூப்பிடலாம்.

புதுச் சட்டம் வந்துவிட்டதாமே, பழையதெல்லாம் போச்சா?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேர் இருக்கும் இடத்திலேயே தொடங்கியது, இப்போது 50 பேர். சின்ன ஷெட்களில் இருப்பவர்களுக்கு இது நஷ்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லது என்று பார்த்தால், வேலை நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். கம்பெனியே குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுக்கிற ஆளுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. காண்ட்ராக்டர் வழியாகப் போகிறவர் இதையும் அதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, இரண்டும் வேறு வேறு.

காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் மறைந்துவிட்டார். யாரைக் கேட்பது?

கம்பெனியை. காண்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தந்தாக வேண்டும், பிறகு அவர் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளட்டும். பழைய சட்டத்திலும் இப்படித்தான், புதிதிலும் இப்படித்தான். பிஎஃபுக்கும் அதே பொறுப்பு உண்டு. ஒருவராகப் போகாமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள்.

காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பிஎஃப் என்ன ஆகும்?

என் கடையில் அதிகம் கெட்டுப் போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு ஆளுக்கு ஒரே யூஏஎன் நம்பர், அதுதான் பிஎஃபில் அவருடைய அடையாள எண். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்த நம்பர்தான். ஆனால் புது காண்ட்ராக்டர் அவசரத்தில் புதிதாக இன்னொரு நம்பர் போட்டுவிடுவார். மூன்று காண்ட்ராக்டர் பார்த்தவரிடம் மூன்று நம்பர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த அன்றே பழைய நம்பரை எழுதிக் கொடுங்கள். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி தரும் 12-இல் 8.33 பென்ஷனுக்குப் போகும், 15,000 ரூபாய் வரம்பில் அது மாதம் 1,250 ரூபாய். பென்ஷனுக்குப் பத்து வருஷப் பணி வேண்டும். பல காண்ட்ராக்டர்களிடம் பார்த்த வருஷங்களும், ஒரே நம்பரில் மாற்றிச் சேர்த்திருந்தால், கூட்டப்படும். ஒவ்வொரு முறை வேலை போகும்போதும் எடுத்துச் செலவழித்துவிட்டால் அந்தப் பத்து வருஷம் சேரவே சேராது.

பிடித்தார்களா, கட்டினார்களா என்பதைப் பார்க்கப் பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். மாதாமாதம் பாருங்கள். மதுரையில் பிஎஃப் ஆபீஸ் சொக்கிகுளத்தில், லேடி டோக் காலேஜ் ரோட்டில் இருக்கிறது.

எங்களோடு வேலை பார்த்த ஒரு அக்கா, கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பையில் ஒன்பது வருஷச் சம்பளச் சீட்டையும் வருஷ வாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். நாங்கள் கேலி செய்வோம். இரண்டாவது காண்ட்ராக்டர் பதினொரு மாதம் பிஎஃப் கட்டவில்லை என்று தெரிந்த நாளில், எங்கள் எல்லோருக்காகவும் பேசியது அந்தப் பைதான். மேஜை மேல் கவிழ்த்தார், ஆபீசர் எண்ணத் தொடங்கினார்.

உடம்புக்கு முடியவில்லை. லீவு போட்டால் வேலை போய்விடுமோ என்று காய்ச்சலோடு போகிறேன்.

நானும் போயிருக்கிறேன். காய்ச்சலோடு போன நாளில்தான் வேலையும் கெடும், உடம்பும் கெடும். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் உங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்க வேண்டும். நீங்கள் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். ஆறு மாதக் கட்டணக் காலத்தில் 78 நாளுக்குக் கட்டியிருந்தால், மருத்துவர் சான்றோடு லீவு எடுக்கிற நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். அந்த உதவித்தொகை பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி கூடாது. மதுரையில் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி தத்தனேரியில்.

மாசமாக இருக்கிறேன். பிரசவத்துக்கு முன்பே காண்ட்ராக்ட் முடிகிறது.

மகப்பேறு உதவியை நிறுத்த அது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண் மருத்துவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்த உரிமை தொடரும். தயங்காமல் எழுதிக் கொடுங்கள் தாயி.

கையில் காசு நிற்பதே இல்லை. இதில் எங்கே சேமிப்பது?

பதினான்காயிரம் சம்பளத்தில் "ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை" என்று சொல்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மாத வீட்டு வாடகையும் ஒரு மூட்டை அரிசியும், அது மட்டும் முதல் குறி. அது இருந்தாலே லிஸ்ட் ஒட்டுகிற நாளில் நெஞ்சு படபடப்பு குறைவதை நான் உணர்ந்திருக்கிறேன். சீட்டுப் போடுகிறவர்கள், தவணை மார்ச் ஏப்ரலைத் தாண்டாத மாதிரி சின்னச் சீட்டாகப் போடுங்கள். வேலை போன மாதம் சீட்டுப் பணம் கட்ட முடியாமல்தான் பலர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நகை இருந்தால் கூட்டுறவு சங்கத்திலோ பேங்கிலோ வையுங்கள். சித்திரைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கத் தினவட்டிக்கு வாங்கி, அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் சொல்லலாமா? கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது.

சொல்லுங்கள். நான் இரண்டு வருஷம் மறைத்தேன். என் முகத்தைப் பார்த்து என் மனைவி வேறு ஏதோ நினைத்துக்கொண்டாள், அதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆனது. பெண் வீட்டாரிடமும் "கம்பெனியில் இருக்கிறேன்" என்று மழுப்பாமல் காண்ட்ராக்ட் என்றே சொல்லுங்கள் தம்பி.

இங்கே இருந்துகொண்டே வேறு வேலை தேடுவது நன்றிகெட்ட செயலா?

உங்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் உறுதி தராத இடத்துக்கு நீங்களும் அதற்கு மேல் கடன்பட்டவர் இல்லை. தேடுங்கள். காண்ட்ராக்டரிடம் அனுபவச் சான்று கேட்டு வாங்குங்கள், கேட்டால் தர வேண்டியது அவர் கடமை. அதில் "ஹெல்பர்" என்று மட்டும் எழுதாமல் என்ன மிஷின், என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள்.

சில நாள் வாழவே பிடிக்கவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். 104-லும் பேசலாம். கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு வாங்கிப் போகலாம். தனியாகப் போக முடியாது என்றால் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். என் கடையில் கேட்ட ஒரு பையனோடு நான் போயிருக்கிறேன். வரிசையில் அவனைப் போலவே சீருடையோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

நான் சூப்பர்வைசர். முடிவு என் கையில் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

தேதியைச் சொல்ல முடியும். தெரியாது என்றால், தெரியாது என்பதைச் சொல்ல முடியும். மார்ச்சில் டார்கெட்டைக் கூட்டாமல் இருக்க முடியும். விரலுறையைக் கழற்றியவனைப் பார்த்தால் வேகத்தைப் பாராட்டாமல் உறையைப் போடச் சொல்ல முடியும். பெயர் வராத ஆளைச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாமல் ஒரு நாள் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல முடியும். அந்தப் பிப்ரவரி இன்சார்ஜ் முதலாளி இல்லை, அவரும் மாதச் சம்பளக்காரர்தான்.

சங்கத்தில் சேர்ந்தால் ரினியூவல் கிடைக்காது என்று மிரட்டுகிறார்கள்.

மிரட்டுவது நடக்கிறது, மறைக்கவில்லை. சேர்வது உங்கள் உரிமை, அதற்காக நீக்குவது சட்டவிரோதம். ஆனால் ஆபத்தைச் சுமப்பது நீங்கள் என்பதால் முடிவும் உங்களுடையதுதான். சேராவிட்டாலும் ஒரே காண்ட்ராக்டரின் கீழ் இருப்பவர்கள் எல்லோருடைய நம்பரையும் ஒருவர் வைத்திருங்கள். யாருக்குப் பிஎஃப் ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று பேசிக்கொள்வதே பாதிப் பலம்.

நாளைக்கு லிஸ்ட் ஒட்டுகிறார்கள். இன்று ராத்திரி என்ன செய்வது?

சம்பளச் சீட்டுகளை எடுத்து வரிசைப்படுத்துங்கள், யூஏஎன் நம்பரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாப்பிடுங்கள். நாளைக்குத் தனியாகப் போய்ச் சுவரைப் பார்க்காதீர்கள். கடைசி மூன்று வருஷம் நாங்கள் ஏழு பேர் ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கூடி, ஒன்றாகத்தான் போவோம். அந்த மஞ்சப்பை அக்காதான் முன்னால் போய் எல்லோர் பெயரையும் படிப்பார். பெயர் வராதவனை விட்டுவிட்டு யாரும் பஸ் ஏற மாட்டோம்.